மாடியில் நூற்றிருபது பை அரிசி

அந்த ஞாயிற்றுக்கிழமை புனிதவதி கோயிலுக்குச் சாப்பிடத்தான் போனாள். வம்பு வளர்க்கப் போகவில்லை. பிற்பாடு எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லிப் பார்த்தாள். ஏழாங்கட்டைத் தோட்டத்தில் ஒருவரும் நம்பவில்லை.

அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. நாற்பத்தொரு வயதுக்குள் அவள் சம்பாதித்து வைத்திருந்த பெயர் அப்படி. கோல சிலாங்கூர் பாசாரில் மீன் வாங்கினால், கைப்பையிலிருந்து சின்னத் தொங்குதராசை எடுத்து மீன்காரன் கண்ணெதிரே மறுபடி நிறுப்பாள். கல்யாணமாகி நாலாவது வருடம் புருஷன் பிரிந்து போனபோது, "ஒரு விஷயத்த ரெண்டு தடவ கேக்காட்டி அவளுக்குச் சோறு இறங்காது. போலீஸ்காரன்கூட அவ்ளோ கேக்க மாட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போனான். அவள் மறுக்கவில்லை. ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டபோதெல்லாம் அவனிடமிருந்து இரண்டு பதில் வந்தது என்பதை மட்டும் மறக்காமல் வைத்திருந்தாள்.

வாய்த்த வேலையும் அதற்கேற்றதுதான். ரவாங்கில் கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருடமாக லேப் டெக்னீஷியன். சிமெண்டுக் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து நசுக்குவாள். கம்பிகளை இழுத்து அறுப்பாள். எது எந்தப் பாரத்தில் உடைந்தது என்று எழுதி வைப்பாள். அதற்கடியில் கையெழுத்துப் போடுவது இன்ஜினியர் மகேந்திரன்.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துப் பல வருடமாகிவிட்டது. ரப்பர்ப் பால்மரம் நின்ற இடமெல்லாம் இப்போது எண்ணெய்க்கான செம்பனை. சனங்கள் பக்கத்திலேயே புதிதாக வரிசை வீடுகள் கட்டிய ஒரு தாமானுக்குக் குடிபோனார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் அதே இடத்தில் இருந்தது. அதை ஒட்டி ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மண்டபம் கட்டினார்கள். கீழே அன்னதானக் கூடம், மேலே கல்யாண மண்டபம். கட்டிக் கொடுத்தவர் ரெங்கசாமி. காண்ட்ராக்டரும் அவர்தான், கோயில் கமிட்டிச் செயலாளரும் அவர்தான். புனிதவதிக்கு அம்மா வழியில் மாமா முறை.

அன்றைக்குக் கீழே அவள் இலை முன்னால் உட்கார்ந்திருந்தாள். மாடியில் திருவிழாவுக்காகப் பெண்பிள்ளைகள் கும்மி பழகிக்கொண்டிருந்தார்கள். எவர்சில்வர் டம்ளரில் இருந்த ரசத்தில் வளையம் வளையமாக அலை ஓடியது. புனிதவதி கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கும்மி நின்ற பிறகும் அலை உடனே நிற்கவில்லை.

அன்னதானச் சாமான் அறைச் சாவியை இடுப்பில் சொருகியிருந்த தங்கமணி பக்கத்தில் வந்து நின்றாள். "ரசத்துல என்ன விழுந்து கெடக்குன்னு இப்படிப் பாக்குற? குத்தம் சொல்றதா இருந்தா சாப்ட்டு முடிச்சுட்டுச் சொல்லு."

"ரசத்துல ஒண்ணும் இல்லக்கா. மேல தளம் ஆடுது."

"பொட்டப் புள்ளைங்க ஆடினா தளம் ஆடத்தான் செய்யும்."

கை கழுவிவிட்டுப் புனிதவதி மாடிக்குப் போனாள். மண்டபத்தின் நட்டநடுவே கைப்பேசியைத் தரையில் வைத்தாள். அதற்குள் அசைவை உணர்கிற ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அது பதிவதைக் கோடாக வரைந்து காட்டும் செயலியும் அவளிடம் இருந்தது. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முன்னங்காலில் எழும்பி நின்று, இரண்டு குதிகாலையும் ஒரே சமயத்தில் தொப்பென்று தரையில் இறக்கினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் கண்டுகொள்ளாமல் இருபது தடவை அப்படியே செய்தாள். கோடு ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொன்னது. தளம் நொடிக்கு மூன்று புள்ளி மூன்று தடவை மேலும் கீழும் ஆடியது.

கமிட்டி அறையில் மண்டபத்தின் வரைபடத்தைக் கண்ணாடி போட்டு மாலை சாத்தி மாட்டியிருந்தார்கள். மேல் தளத்தை நடுவில் தாங்குவது ஒரே ஒரு பெரிய இரும்பு பீம். நீளம் ஒன்பது மீட்டர், உயரம் பதினெட்டு அங்குலம் என்று போட்டிருந்தது. அந்த இரும்பும், வரைபடத்தில் சொன்ன அளவு சிமெண்டும் என்றால் தளம் நொடிக்கு நாலே முக்கால் தடவையாவது ஆட வேண்டும். விறைப்பான பீம் வேகமாகத் துடிக்கும்; தளர்ந்த பீம் சாவகாசமாக ஆடும். அவள் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே கணக்குப் போட்டாள். வீட்டுக்குப் போய் மறுபடியும் போட்டாள். பீமின் விறைப்பு இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

திங்கட்கிழமை மகேந்திரனிடம் காட்டினாள். அவர் காகிதத்தைக் கையில்கூட வாங்கவில்லை.

"நீ டெக்னீஷியன், புனிதா. சோதிச்சுக் குடுன்னு ஒனக்கு யார் சொன்னா? கோயில் விவகாரத்துல என்னை இழுக்காத லா."

"கணக்கு தப்பான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க சார்."

"நான் பாத்தா அது கம்பெனி பாத்த மாதிரி. நான் பாக்கல."

அவளே கமிட்டிக்குக் கடிதம் எழுதினாள். சனிக்கிழமை கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள்.

கூட்டத்தில் பதினோரு ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு நாற்காலி போடவில்லை. தலைவர் அர்ஜுனன் கடிதத்தை இரைந்து படித்தார். படித்து முடிப்பதற்குள்ளேயே பின்வரிசையில் ஒருத்தர், "குதிச்சுப் பாத்தாளாம்!" என்றார். சிரிப்பு எழுந்தது.

ரெங்கசாமி சிரிக்கவில்லை. அவர் அறுபது வயதிலும் நெஞ்சு நிமிர்ந்த ஆள். "தலைவரே, இது பீம் சண்டை இல்ல. இவ அம்மாவுக்குத் தாமான்ல வீடு கெடைக்கல, பிளாட்டுல நாலாவது மாடி கெடைச்சுச்சு. வீடு ஒதுக்கின பட்டியல்ல கையெழுத்துப் போட்டவன் நான். அந்தக் கோவத்த இத்தன வருஷம் அடைகாத்து இப்பக் கொண்டாந்திருக்கா."

புனிதவதிக்குக் காது சூடேறியது. அம்மா முட்டிவலியோடு அந்த நாலு மாடியை ஏறி இறங்கி, கடைசியில் ஏற முடியாமலே போய்ச் சேர்ந்தவள். அந்தக் கோபம் அவளிடம் இருந்தது உண்மைதான். ரசத்தில் அலை பார்த்த அந்த நிமிடத்தில்கூட, கட்டியது யார் என்ற நினைப்பு வந்தபோது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை அவள் தன்னிடமிருந்து மறைத்துக்கொள்ளவில்லை.

"கோவம் இருக்கு மாமா. அதுக்கும் பீமுக்கும் சம்பந்தம் இல்ல. பூச்ச ஒடைச்சு இரும்ப அளந்து பாருங்க. அஞ்சு நிமிஷ வேல."

"கும்பாபிஷேகம் ஆன எடத்துல சுத்தியல் வைக்கச் சொல்றியா?" ரெங்கசாமி இப்போது எழுந்து நின்றார். "சரி, நீ படிச்ச பொண்ணு. கேக்குறேன், சொல்லு. பாரம் கூடினா ஆட்டம் மெதுவாகுமா, ஆகாதா?"

"ஆகும்."

"தளம் ஊத்துறப்ப ஏத்த எறக்கமா போச்சுன்னு நாலு அங்குலம் கூடுதலா சிமெண்டு ஊத்தினேன். மேல கிரானைட்டுக் கல்லு. வரைபடத்துல அது இல்ல. பாரம் ரெண்டு மடங்கு. அப்ப பதினெட்டு அங்குல இரும்புன்னாலும் மெதுவாத்தானே ஆடும்? ஆட்டத்த வச்சு இரும்பு சின்னதுன்னு எப்படிச் சொன்ன?"

அவர் சொன்னது சரி. பாரத்தை அவள் அளக்கவில்லை. வரைபடத்தை நம்பி எடுத்துக்கொண்டாள். மீனை மறுபடி நிறுக்கிறவள், ஒரு கட்டடத்தின் எடையை யாரோ எழுதியதிலிருந்து அப்படியே எடுத்துவிட்டாள். படியிறங்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்ட சிரிப்பைவிட அதுதான் அவளை அறுத்தது. அந்த வாரம் முழுக்க அவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கண்ணாடியில்கூடத் தன்னைப் பார்த்தால் எரிச்சலாக வந்தது.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேப்பில் ஒரு இரும்பு அளவுகோலை மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டி அசையாமல் இறுக்கி வைத்தாள். நுனியைச் சுண்டிவிட்டாள். டுர்ரென்று துடித்தது. நுனியில் ஒரு நட்டை ஒட்டினாள். துடிப்பு மந்தமானது. அளவுகோல் லேசாக இருந்தால் ஒரு நட்டு அதன் வேகத்தை வெகுவாகக் குறைக்கும். அளவுகோலே கனமாக இருந்தால் அதே நட்டை அது சட்டை செய்யாது. எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால், ஆடும் பொருளின் எடையும் தெரிந்துவிடும், அதன் விறைப்பும் தெரிந்துவிடும். ஒரு கேள்விக்கு இரண்டு விடை இருந்தால் இரண்டாவது கேள்வி கேட்க வேண்டியதுதான். அவள் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே மூடி வைத்தாள்.

மண்டபத்தில் வைக்க, எடை தெரிந்த பாரம் ஒரு டன்னுக்கு மேல் வேண்டும். கோயிலிலேயே இருந்தது. திருவிழா அன்னதானத்துக்காகச் சனங்கள் காணிக்கையாகக் கொடுத்த பத்துக் கிலோ அரிசிப் பைகள்.

அடுத்த சனிக்கிழமை காலையில் அவள் ஒரு காகிதத்தோடு கமிட்டி முன்னால் நின்றாள். "நூத்தி இருவது பை அரிசிய பீமுக்கு மேல நடு மண்டபத்துல வைக்கிறேன். மாமா சொன்னபடி தளம் ரெண்டு மடங்கு கனம்னா, மூணு புள்ளி மூணு ஆட்டம் மூணு புள்ளி ஒண்ணுக்கு வரும். அது பொய், இரும்புதான் சின்னதுன்னா, ரெண்டு புள்ளி ஒம்பதுக்கு எறங்கும். ரெண்டையும் இதுல எழுதியிருக்கேன். ஆட்டத்த அளக்குறதுக்கு முன்னாடி தலைவர் கையெழுத்துப் போடணும்."

அர்ஜுனன் ரெங்கசாமியைப் பார்த்தார். ரெங்கசாமி கையை விரித்தார். "தூக்கி வைக்கட்டும். யார் தடுத்தா? ஆனா கமிட்டி ஆளுங்க ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. அவ சோதனைய அவளே செய்யட்டும்."

தலைவர் கையெழுத்துப் போட்டார். தங்கமணி சாவியைக் கொடுத்தாள். கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கைக்கு ஒன்றாக, நடைக்கு இரண்டு பை. இருபத்திரண்டு படி. ஆண்கள் நிழலில் நாற்காலி போட்டுக் காப்பி குடித்தபடி அவள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செய்தி தாமானுக்குப் பரவி ஆட்கள் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்கள். மாதவி வந்தாள். மூன்று வாரத்தில் அவள் மகளுக்கு அந்த மாடியில்தான் கல்யாணம். "எம்மவ கல்யாணத்துக்கு மண்ணு அள்ளிப் போடவா வந்த?" என்று படிக்கட்டிலேயே மறித்தாள். புனிதவதி பைகளைக் கீழே வைக்காமல் அவளைச் சுற்றிக்கொண்டு ஏறினாள்.

நாற்பதாவது பைக்கு விரல்கள் மடங்க மறுத்தன. ஐம்பதாவது பைக்கு அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது தங்கமணி இரண்டு பைகளோடு அவளைக் கடந்து ஏறினாள்.

"அக்கா..."

"ஒனக்காகத் தூக்கல. நீ எப்ப முடிக்கிறது, நான் எப்ப ரூமைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போறது? எந்திரி."

மண்டபத்தின் நட்டநடுவில் ஆள் நிற்க இடம் விட்டு, அதைச் சுற்றிப் பைகளை நெருக்கமாக இரண்டு அடுக்காக அடுக்கினார்கள். அன்றைக்கு நின்ற அதே இடத்தில் புனிதவதி கைப்பேசியை வைத்தாள். குதிகாலை இறக்கினாள். களைப்பில் முதல் இரண்டு தடவை காலிரண்டும் ஒன்றாக விழவில்லை. அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. பிறகு இருபது தடவை. இப்போது யாரும் சிரிக்கவில்லை. அர்ஜுனன் பக்கத்தில் வந்து குனிந்து நின்றார். அவள் கைப்பேசியை அவர் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். இரண்டு புள்ளி ஒன்பது. இரண்டு புள்ளி ஒன்பது மூன்று. மறுபடி இரண்டு புள்ளி ஒன்பது.

"இது போன்ல அவ முன்னாடியே போட்டு வச்சது" என்றார் ரெங்கசாமி.

"அப்ப உங்க போன வைங்க மாமா. ஒங்க காலாலயே குதிங்க."

அவர் குதிக்கவில்லை. அர்ஜுனன் கீழே இறங்கிப் போய், தாமே ஒரு சுத்தியலை வாங்கி, ஏணி போடச் சொன்னார். பீமைச் சுற்றிப் பலகை அடித்துப் பூச்சு பூசி அதன்மேல் தாமரை வரைந்திருந்தார்கள். ஐந்தாவது அடியில் ஒரு தாமரை உதிர்ந்தது. உள்ளே இரும்புக்கும் பலகைக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு வெற்றிடம். அளவுநாடாவை உள்ளே விட்டார்கள். பதினாலு அங்குலம்.

ரெங்கசாமிதான் முதலில் பேசினார். "அந்த நேரத்துல அந்த சைஸ் இரும்பு கெடைக்கல. ஆறு வருஷமா நிக்குதுல்ல? ஒருத்தன் தலையில விழுந்துச்சா?" அவர் குரல் உயர்ந்தது. "கோயிலுக்காக ராத்திரி பகலா நின்னவன் நான். குதிச்சுக் காட்டுறவ பேச்ச நம்புறீங்க!" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அவர் கமிட்டிக்கு வரவில்லை.

அரிசியைக் கீழே இறக்கவும் ஆள் வரவில்லை. அவளும் தங்கமணியும்தான் இறக்கினார்கள்.

மாடியைப் பூட்டினார்கள். மாதவி மகள் கல்யாணம் தஞ்சோங் காராங்கில் ஒரு சீன உணவகத்தின் மாடியில் நடந்தது. புனிதவதிக்குப் பத்திரிகை வரவில்லை. அன்னதானக் கூடத்தின் நடுவில் பீமுக்கு முட்டுக் கொடுத்து இரண்டு இரும்புத் தூண்கள் நட்டார்கள். பந்தியில் பரிமாறுகிறவர்கள் வாளியோடு அந்தத் தூண்களில் இடித்துக்கொள்ளும் போதெல்லாம், ரெங்கசாமி பெயரை அல்ல, அவள் பெயரைச் சொல்லித்தான் திட்டினார்கள். தூண் நடுவதற்கான அறிக்கையில் மகேந்திரன் கையெழுத்துப் போட்டார். கமிட்டி முறைப்படி கம்பெனியைக் கேட்டிருந்தது. அறிக்கையில் இருந்தது முழுக்க அவளுடைய எண்கள். அவள் பெயர் அதில் எங்கும் இல்லை. "ஒன் நல்லதுக்குத்தான்" என்றார் அவர். "என் நல்லத நீங்க எப்ப அளந்தீங்க சார்?" என்று அவள் கேட்டாள். அதற்கப்புறம் அவர்கள் வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, ரெங்கசாமியின் மனைவி நவமணியிடமிருந்து போன் வந்தது. கோயிலில் எதிரே பார்த்தால் காறித் துப்பாத குறையாகத் திரும்பிக்கொள்கிறவள்.

"மாமா சுங்கை பஞ்சாங்குக்கு வேலைக்குப் போயிட்டாரு. பொழுது சாயத்தான் வருவாரு. நீ வந்து எங்க வீட்டு மாடிய ஒரு தடவ பாத்துட்டுப் போ. பேரப் புள்ளைங்க மேலதான் படுக்குதுங்க."

புனிதவதி அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். போகும் வழியெல்லாம் அவள் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இந்த வீட்டிலும் சின்ன இரும்பே இருந்தால் அந்த ஆள் கெட்டவனில்லை, வெறும் அறியாதவன். தன் தலைக்கு மேலும் அதையே வைத்துக்கொண்ட முட்டாள். அப்படி இருந்துவிட்டால் நல்லது என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

நவமணி உட்காரச் சொல்லவில்லை. நேராக மாடிக்கு அழைத்துப் போனாள். புனிதவதி கைப்பேசியை வைத்துக் குதிகாலை இறக்கினாள். கோடு சட்டென்று ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து அடங்கிவிட்டது. நொடிக்குப் பன்னிரண்டு. இன்னொரு அறையிலும் பார்த்தாள். பதின்மூன்று. கீழே வந்து, பூச்சில்லாமல் வெளியே தெரிந்த பீமின் உயரத்தை அளந்தாள். தேவைக்கு மேலேயே இருந்தது. ஒரு கோயில் மண்டபத்தைத் தாங்கக்கூடிய இரும்பு.

நவமணி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "என்ன, பயப்படுற மாதிரியா?"

"இல்ல அத்தை. ஒங்க வீடு நல்லாத்தான் கட்டியிருக்கு. இதைவிட நல்லாக் கட்ட முடியாது."

நவமணியின் முகம் முதலில் தெளிந்தது. பிறகு அந்தத் தெளிவு அப்படியே நின்று, கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. கோயிலில் அவர் சின்ன இரும்பு வைத்தது தெரிந்தே செய்தது என்று அவளுக்குப் புரிய அத்தனை நேரம்தான் ஆனது. புனிதவதி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். சொல்ல மனம் வரவில்லை.

"இத வெளிய போயிச் சொல்லாத."

"நானாப் போயிச் சொல்ல மாட்டேன். யாராச்சும் கேட்டா, அளந்தத அளந்தபடி சொல்வேன்."

"நீ நல்லாருப்பியாடி?" நவமணியின் குரல் உடைந்தது. "நாந்தானே ஒன்னக் கூப்புட்டேன். நாந்தானே..."

புனிதவதி செருப்பை மாட்டிக்கொண்டாள். கேட்டை அவளே திறந்து, அவளே சாத்தினாள். வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அது கடந்து போகும்வரை ஓரமாக நின்று, பிறகு சாலைக்கு ஏறி, ரவாங் போகும் பேருந்துக்காகக் கையை நீட்டினாள்.